சுவரில் ஒட்டிய கை

நல்லூரில் நான் வேலை செய்யும் அச்சகம் சின்னது. முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு கணினிகள், பின்னால் எந்நேரமும் மை மணக்கும் அறை. கலியாண அழைப்பிதழ், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீட்டுக்குப் பனர், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலர் எல்லாவற்றையும் வடிவமைப்பது நான்தான். வீடு மானிப்பாய்ப் பக்கம். காலையில் ஸ்கூட்டியில் வந்தால் பின்னேரம் திரும்பிப் போவேன்.

எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். ஊரில் எல்லோரும் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். கையில் சுருட்டிய தாள் ஒன்று இருந்தது. விரித்துக் காட்டினார். கொழும்பில் அடித்த மார்பகப் புற்றுநோய்ச் சுவரொட்டி. இளஞ்சிவப்பு ரிப்பன் ஒன்று, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க அறிவுரை.

"தங்கச்சி, உதை எங்கடை சனத்துக்கு விளங்கிற மாதிரி ஒண்டு செய்து தாங்கோ," என்றார். "கிளினிக்குக்குப் பொம்பிளையள் வரீனம். பிறசர் பாக்கினம், சீனி பாக்கினம். நெஞ்சைப் பாக்க வேணும் எண்டு சொன்ன உடனை, எனக்கு ஒண்டும் இல்லை மிஸ் எண்டு எழும்பிப் போயிடீனம். போன மாசம் ஒரு ஆள் வந்தவ. வந்த நேரம் எல்லாம் பிந்திப் போச்சு."

அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை. அந்தப் பெண்ணின் மரண அறிவித்தலை நான்தான் செய்திருந்தேன்.

நானும் முதலில் ரிப்பனைத்தான் போட்டேன். கொஞ்சம் அழகாக, ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகத்தோடு. மிஸ் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், காத்திருந்த பெண்களிடம் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். பரிசுப்பொருள் கடை திறக்கினமோ என்று ஒருவர் கேட்டாராம். இரண்டாவதாகக் கறுப்பு நிறத்தில், பார்த்தாலே நெஞ்சு திக்கென்னும் மாதிரி ஒன்று செய்தேன். அதை மிஸ்ஸே வேண்டாம் என்றார்.

"பயந்த சனத்தை இன்னும் பயப்படுத்தினால் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளை இருக்கும், தங்கச்சி."

அச்சக முதலாளி அண்ணைக்கு வேறு கவலை. "மார்பகம் எண்டு உவ்வளவு பெரிசா எழுதி எங்கை ஒட்டப் போறியள்? கோயில் மதிலிலையோ? பிறகு என்ரை கண்ணாடிக்குத்தான் கல்லு வரும்," என்றார். அவர் சொன்னது பகிடிக்கு என்றாலும் எனக்குள் அது போய் இருந்துகொண்டது. அதற்குப் பிறகு எதைக் கீறினாலும் அந்தக் கண்ணாடிக் கதவுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

எங்கள் வீட்டுக்கும் மச்சாளின் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, அதில் ஆள் நுழைந்து போக ஒரு பொட்டு. மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. புருஷன் நெடுநாளைக்கு முன்பே தவறிவிட, ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். மகள் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வங்கியில் வேலை செய்தாள். அந்த நேரம் அவளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஒரு பின்னேரம் வேலி கடந்து போனபோது மச்சாள் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். வெறும் தகரப் பேணியின் விளிம்பால் மாவைக் கொத்தினார். பிறகு பேணியை வைத்துவிட்டுக் கையை விட்டார். மாப்பிள்ளை வீட்டார் சாதகம் கேட்ட கதையை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். கண் என்னில், விரல்கள் மாவுக்குள். கதையின் நடுவில் நிறுத்தி, "இஞ்சை ஒரு கட்டி கிடக்கு," என்று சொல்லி, விரல் நுனியால் அதை உடைத்துவிட்டு, மறுபடி கதைக்குப் போனார்.

நான் அப்படியே நின்றேன். கட்டி. அதே சொல். இந்த ஊரில் பிட்டு அவிக்காத பெண் இல்லை; பார்க்காமலே மாவுக்குள் கட்டியைக் கண்டுபிடிக்காத விரலும் இல்லை.

"மச்சாள், உங்கடை கையை நான் படம் எடுக்கட்டோ?"

"என்ரை கையையோ? உமக்கென்ன விசரே?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் மாவுக்குள் இன்னொரு கட்டியைத் தேடி உடைத்தார். பிறகு, "எடுக்கிறதெண்டால் எடும், முகம் வராதுதானே," என்றார்.

அடுத்த நாள் காலை, குசினி யன்னலால் வெயில் சாய்ந்து விழும் நேரம், போனில் எடுத்தேன். மாவுக்குள் பாதி புதைந்த கை; பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டி. அவருடைய வலக்கையின் மேற்புறத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. சண்டை நேரம், அவர் பெட்டையாக இருந்த காலத்தில், பங்கருக்குள் ஓடும்போது வெடித்த செல்லின் துண்டு பட்டது. படத்தில் அது நன்றாகத் தெரிந்தது.

"இதை அழிச்சு விடட்டோ மச்சாள்? கணினியிலை ஒரு நிமிச வேலை."

"ஏன் அழிக்கிறீர்? என்ரை கைதானே."

படத்துக்குக் கீழே போடவேண்டிய வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "மாவில் கட்டி இருந்தால் உங்கள் விரலுக்குத் தெரியும். மார்பில் இருந்தாலும் தெரியும். மாதத்துக்கு ஒருதரம் தடவிப் பாருங்கள். தெரிந்தால் கிளினிக்குக்கு வாருங்கள்."

மச்சாள் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். கை கழுவ இவ்வளவு நேரம் எடுக்குமா என்று நினைத்தது ஞாபகம். திரும்பிப் பார்க்காமலே, "நல்லாயிருக்கு," என்றார்.

மிஸ்ஸுக்குப் படம் நன்றாகப் பிடித்துவிட்டது. மேலே ஒரு பெரிய தலைப்பும், பிரமுகர் ஒருவரின் படமும் போடச் சொல்லி எங்கிருந்தோ கேட்டார்கள். மிஸ் எப்படியோ கதைத்து அதை நிற்பாட்டினார். எங்கே ஒட்டுவது என்பது அடுத்த கேள்வி. ரோட்டுச் சுவரில் ஒட்டினால் ஆம்பிளைகள்தான் நின்று பார்ப்பார்கள். பெண்கள் நின்று காத்திருக்கும் இடமாகப் பார்த்தோம். மா திரிக்கும் மில், சட்டை தைக்கும் கடை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடம், கிளினிக் விறாந்தை.

ஒட்டிய அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு இடத்தையும் ஸ்கூட்டியை மெதுவாக்கிப் பார்ப்பேன். பஸ் தரிப்பிடத்தில் இருந்ததை யாரோ ஒரு மூலையில் கிழித்திருந்தார்கள். புதிதாக ஒன்று ஒட்டினேன். இரண்டாம் தரம் மார்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு வசனம் எழுதியிருந்தார்கள். அதை நான் இங்கே எழுதமாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் இடம். நான் நகத்தால் சுரண்டினேன். எழுத்தோடு சேர்ந்து மச்சாளின் ஒரு விரலும் உரிந்து வந்தது.

ஆனால் மில்லில் ஒட்டியதை யாரும் தொடவில்லை. அங்கே மிளகாய் இடிக்கவும் அரிசி திரிக்கவும் வரும் பெண்கள், தங்கள் முறை வரும்வரை அதற்கு நேரே உள்ள மர வாங்கில்தான் இருப்பார்கள். கிளினிக்குக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்று மிஸ் போனில் சொன்னார். "கட்டி பாக்க வந்தனான் எண்டு வாசல்லை நிண்டே சொல்லுகினம், தங்கச்சி. முந்தி அந்தச் சொல்லை வாயிலை எடுக்காத சனம்."

எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் மச்சாள் வரும்வரைக்கும் இருந்தது.

அவர் வந்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். என் கணவர் வெளியே போயிருந்தார். பொட்டால் வராமல் ரோட்டுப் பக்கத்தால் வந்தார். அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"கதவைச் சாத்தும்."

சாத்தினேன்.

"தம்பி இல்லைத்தானே?"

"இல்லை மச்சாள். என்ன, பிள்ளையின்ரை கலியாண விசயமே?"

அவர் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒண்டு கிடக்கு," என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி இருக்க ஒரு கணம் முயன்றேன். "என்ன கிடக்கு?"

"நீர் எழுதி ஒட்டினது."

"எப்ப தொடக்கம்?"

"பொங்கலுக்கு முதல்."

அப்போது மாரி மழை தொடங்கியிருந்தது. பொங்கலிலிருந்து மனதுக்குள் மாதங்களை எண்ணிக்கொண்டு வந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அப்ப நான் படம் எடுக்கேக்கை?"

"கிடந்தது."

"ஏன் மச்சாள் அண்டைக்கே சொல்லேல்லை? ஏன் கையைத் தந்தனீங்கள்?"

"மாட்டன் எண்டால் ஏன் எண்டு கேப்பீர். கேட்டால் சொல்லிப் போடுவன் எண்டு பயம்." அவருடைய குரல் தாழ்ந்துகொண்டே போனது. "பிள்ளைக்குப் பேச்சு நடக்குது. தாய்க்கு உந்த வருத்தமெண்டால் மகளுக்கும் வருமெண்டு சொல்லுவினம். கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம் எண்டு இருந்தன். இப்ப கடைக்குப் போனால் உந்தப் போஸ்டர், பஸ்ஸுக்கு நிண்டால் உந்தப் போஸ்டர். என்ரை கையே என்னைப் பாத்துக் கேக்குது. நித்திரை இல்லை."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"அதுகளைக் கழட்டும்," என்றார். "ஊருக்கெல்லாம் என்ரை கை தெரியும். நாளைக்கு எனக்கு உதுதான் எண்டு வந்தால், அந்தப் படம் பிள்ளைக்குத் துரோகம் செய்ததா முடியும்."

"கழட்டுறன். ஒண்டு விடாமக் கழட்டுறன். நீங்கள் நாளைக்கு என்னோடை கிளினிக்குக்கு வாங்கோ."

"தம்பிக்குச் சொல்லாதையும். பிள்ளைக்கும் சொல்லாதையும்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா மச்சாள்."

இரண்டு பேரும் ஒருவர் சொல்லில் ஒருவரைக் கட்டிப்போட்டுக்கொண்டோம்.

மறுநாள் காலை அச்சகத்துக்கு வரப் பிந்தும் என்று சொல்லிவிட்டு அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கிளினிக் விறாந்தையில் அந்தச் சுவரொட்டி இருக்கும் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதைக் கழற்ற முன்பே அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இருக்க இடம் அதற்குக் கீழேதான் இருந்தது. மச்சாள் சேலைத் தலைப்பை இழுத்து வலக்கையை மூடிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு இளம் தாய், மடியில் இருந்த பிள்ளைக்குப் படத்தைக் காட்டி, "அங்கை பார், பிட்டு, பிட்டு," என்று பராக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மச்சாள் நிலத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

உள்ளே கூப்பிட்டபோது மச்சாள் என்னையும் வரச்சொன்னார். மிஸ் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம். மிஸ் வழக்கமாக ஏதாவது கதைத்துக்கொண்டே வேலை செய்பவர். அன்றைக்கு நடுவில் அவருடைய பேச்சு நின்றது. அந்த நேரத்தில் எனக்கு வெளியே ஓடவேண்டும் போல இருந்தது.

"அக்கா, பயப்பிடாதேங்கோ," என்று மிஸ்ஸின் குரல் வந்தது. "எல்லாக் கட்டியும் அது இல்லை. கனபேருக்குச் சும்மா கட்டியாத்தான் இருக்கும். ஆனா பெரியாஸ்பத்திரிக்கு நாளைக்கே போங்கோ, நான் கடிதம் தாறன். நாளைக்கே. விளங்கினதே?"

பிறகு மிஸ் வெளியே வந்து கை கழுவினார். துடைத்துக்கொண்டே மச்சாளின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தை எழுதித் தந்தார்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் செய்தார்கள். ஊசி குத்தி எடுத்து, சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாள் எடுக்கும் என்றார்கள். அந்த இடைவெளியில்தான் நான் சுவரொட்டிகளைக் கழற்றப் போனேன். கிளினிக்கில் மிஸ் தானே கழற்றித் தந்தார். பஸ் தரிப்பிடத்தில் தண்ணீர் தெளித்து உரித்தேன். தையல் கடைக்காரி ஏன் எதற்கு என்று கேட்காமல் தந்துவிட்டாள்.

மில்லில் முதலாளியின் மனைவி கல்லாவில் இருந்தார். தலைமயிரெல்லாம் மா.

"அக்கா, அந்தப் போஸ்டரைக் கழட்ட வேணும்."

"ஏன் கழட்டுறியள்?"

"அதிலை ஒரு பிழை கிடக்கு. வேறை அடிக்கிறம்."

"என்ன பிழை? நான் நாளாந்தம் பாக்கிறன், எனக்கு ஒண்டும் தெரியேல்லை," என்றார். பிறகு கல்லாவைப் பூட்டிவிட்டு எழும்பி என்னருகே வந்தார். மெசின் சத்தத்தில் காதுக்குள் வந்து சொன்னார். "தங்கச்சி, உதைப் பாத்துத்தான் நானும் போய்க் காட்டினனான். எனக்கு ஒண்டும் இல்லையாம். ஆனா பயத்தோடை இருந்தது எனக்குத்தானே தெரியும். இஞ்சை வாறதுகள் என்னட்டைக் கேக்குதுகள், நான் சொல்லுறன். உதைக் கழட்ட நான் விடமாட்டன். புதுசு வந்தால் அதுக்குப் பக்கத்திலை ஒட்டும்."

வாங்கில் இருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அதை உரிக்க என் கை எழும்பவில்லை. திரும்பி வந்தேன்.

மச்சாளிடம் உள்ளதைச் சொன்னேன். மில்லில் மட்டும் தரவில்லை, இன்ன காரணம் என்று. அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு சில நாள் வேலிப் பொட்டால் யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை. என் கணவர், "என்ன, அக்காவோடை கொழுவலோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாத பார்வை ஒன்று பார்த்தார்.

அந்த நாட்களில் நான் செய்த வேலை எதுவும் வேலையாக இல்லை. ஒரு அழைப்பிதழில் மணமகளின் தகப்பன் பேரை மாற்றிப் போட்டு, அச்சுக்குப் போகும் தறுவாயில் அண்ணை பிடித்தார். மரண அறிவித்தல் ஒன்று வந்தது. மச்சாளின் வயதை ஒத்த ஒரு பெண். படத்தைப் பெருப்பிக்க முடியாமல் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குளிக்கும்போது என்னை நானே தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. வெளியே வந்து தலை துவட்டும்போது சந்தேகம் வரும். மறுபடி கதவைப் பூட்டிக்கொண்டு பார்ப்பேன். மாதத்துக்கு ஒருதரம் என்று எழுதியவள் நான்.

இதற்குள் இன்னொன்று தெரியவந்தது. படம் சுவரில் மட்டும் இருக்கவில்லை. யாரோ அதைப் போனில் எடுத்துக் குழுக்களில் போட்டிருக்கிறார்கள். எனக்கே என் பழைய பள்ளிக்கூடக் குழுவில் வந்தது. வவுனியாவில் இருக்கும் ஒருத்தி அனுப்பியிருந்தாள். கீழே இருந்த கிளினிக் விபரத்தை வெட்டிவிட்டு, தங்கள் ஊர் விபரத்தை எழுதியிருந்தார்கள். வேறு நேரமாக இருந்தால் துள்ளியிருப்பேன். அன்றைக்குப் போனைக் குப்புற வைத்தேன். சுவரில் இருப்பதைத் தண்ணீர் தெளித்து உரிக்கலாம். இதை எங்கே போய் உரிப்பது? மச்சாளிடம் இதைச் சொல்லவேண்டுமா என்று யோசித்து யோசித்து, சொல்லாமலே நாட்களைக் கடத்தினேன்.

நான் சொல்லவேண்டி வரவில்லை. ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, மச்சாள் பொட்டால் வந்தார். கையில் போன். முகம் வீங்கியிருந்தது. முடிவு வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து ஸ்கூட்டிச் சாவியைக் கீழே வைத்தேன்.

"கனடாவிலை இருந்து போன் வந்தது," என்றார்.

"ஆர் மச்சாள்?"

இடம்பெயர்ந்து பருத்தித்துறையில் இருந்த காலத்தில் அவரோடு ஒன்றாகப் படித்த சிநேகிதி. எப்போதாவது வருஷத்துக்கு ஒருமுறை கதைப்பார். அவருக்கு யாரோ அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

"எடுத்த உடனை கேக்கிறாள், உது உன்ரை கையெல்லோ எண்டு. இல்லை எண்டன். பொய் சொல்லாதை, அந்தக் காயத்துக்கு என்ரை பாவாடைத் துண்டைக் கிழிச்சுக் கட்டினது நான், எனக்குத் தெரியாதோ எண்டு பேசினாள்." மச்சாள் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணியது. "பிறகு சொன்னாள், தனக்கும் வந்ததாம். ஒரு பக்கம் எடுத்தாச்சாம். அஞ்சாறு வருசமாச்சாம். ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம், தாய்க்கும் சொல்லேல்லையாம். இவ்வளவு நாளும் என்னோடை போனிலை சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவள். உன்ரை கையைப் பாத்த உடனை உனக்காவது சொல்லவேணும் எண்டு இருந்ததடி எண்டு அழுகிறாள்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"நானும் சொன்னன்."

குசினிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அவர் அழுதார். நான் கிட்டப் போனேன். தள்ளவில்லை. அன்றைக்கு அச்சகத்துக்குப் போகவில்லை.

அன்று பின்னேரம் மகள் வங்கியிலிருந்து வந்ததும் மச்சாள் தானே அவளுக்குச் சொல்லிவிட்டார். அவள் நேரே என்னிடம் வந்தாள். வேலைச் சேலை மாற்றாமல், கைப்பையோடு.

"மாமி, உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் பிள்ளை."

"எனக்குச் சொல்லக்கூடாதெண்டு நினைச்சனீங்களோ? என்ரை கலியாணத்துக்காக அம்மா சாகிறதோ? அப்பிடி ஒரு கலியாணம் எனக்கு வேணுமெண்டு நான் கேட்டனானோ?"

அவள் சத்தம் வேலிக்கு அந்தப்பக்கம் கேட்கும் என்று தெரிந்தும், நான் மெதுவாகக் கதை என்று சொல்லவில்லை. என் கணவர் சத்தம் கேட்டு முற்றத்துக்கு வந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைப் பேசவில்லை. "நீர் தனிய இதை வைச்சுக்கொண்டு இருந்தனீரோ," என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

முடிவு வந்தபோது நாங்கள் நாலு பேரும் போனோம். அது புற்றுநோய்தான். பரவிய அறிகுறி இல்லை என்றும் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றும் டொக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. மச்சாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மகளிடம், "மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொல்லு. ஆரும் சொல்லித் தெரியவேண்டாம்," என்றார்.

அவர்கள் மரியாதையாகக் கதைத்தார்களாம். இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு சாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். முதலில் பொருந்திய சாதகம். மச்சாள் அப்போது சத்திரசிகிச்சை முடிந்து, மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம். தலைமயிர் கொட்டியிருந்தது. அந்தச் செய்தி அவரை உடைத்துவிடும் என்று பயந்து, யார் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, மகள் போய், "அம்மா, அவை வேண்டாமெண்டிட்டினம். நல்லது, எனக்கும் அந்தாளின்ரை கதை பிடிக்கேல்லை," என்று சொல்லிவிட்டாள். அது உண்மையா, தாய்க்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊர் கதைத்தது. கதைக்காமல் இருக்குமா? ஆனால் நாங்கள் பயந்த மாதிரி மட்டும் கதைக்கவில்லை. முன்பின் தெரியாத பெண்கள் சிலர் மச்சாளின் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். பழம், ஹோர்லிக்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, நலம் விசாரித்து முடிந்த பிறகும் எழும்பாமல் இருப்பார்கள். மச்சாளுக்கு அது பிடிபட்டுவிட்டது. மகளை வெளியே அனுப்பிவிட்டு, "சொல்லும், உமக்கென்ன?" என்று கேட்பார். சிலர் கேட்டுவிட்டுப் போனார்கள். சிலரை மிஸ்ஸிடம் அனுப்பினார். அவர்களில் ஒருத்திக்கு இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டோம். அன்றைக்கு மச்சாள் சாப்பிடவில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டப் போகவேண்டும். நாள் நெருங்க நெருங்க வீட்டில் எல்லோரும் சின்ன விஷயத்துக்குச் சீறி விழுவோம். போன முறை பஸ்ஸில் போனோம், நானும் அவரும் மட்டும். சனம் நிறைந்த பஸ். யாரோ எழும்பி இடம் கொடுக்க, அவர் இருந்து, என் கைப்பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்து, "நீர் இதிலை நில்லும். உம்மடை முகத்தைப் பாத்தால் எனக்குப் பயம் கூடுது," என்றார்.

"உள்ளுக்கு வாறன் மச்சாள்."

"வேண்டாம். நான் போட்டு வாறன்."

வேப்பமரத்துக்குக் கீழே இருந்த சீமெந்துக் கட்டின் மேல் இருந்தேன். பக்கத்தில் குருநகரிலிருந்து வந்த ஒரு அம்மா, கழுத்தில் செபமாலை, யாருக்கோ காத்துக்கொண்டிருந்தார். என்ன வருத்தத்துக்கு என்று கேட்டார், சொன்னேன். தன்னுடைய மகளும் அதற்குத்தான் உள்ளே போயிருக்கிறாள் என்றார். அவருடைய விரல்கள் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தன. நான் ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் வேறு யாரோ வந்தார்கள்.

கடைசியில் மச்சாள் வந்தார். தூரத்திலிருந்தே முகத்தைப் படிக்கப் பார்த்தேன். வெயிலில் கண் கூசியது.

"இப்ப ஒண்டும் இல்லையாம்," என்றார். "மாசிக்கு வரட்டாம்."

நான் எழும்பி, இந்த அம்மாவின் மகளும் அதற்குத்தான் உள்ளே போயிருக்கிறாள் என்று மெல்லச் சொன்னேன். அவர் அந்தச் செபமாலை அம்மாவைப் பார்த்து நின்றார். பிறகு எங்கள் பஸ் வெளிக்கிடும் சத்தம் கேட்டும் அவசரப்படாமல் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"இவவின்ரை மகள் வரட்டும்," என்றார் என்னிடம். "அடுத்த பஸ்ஸிலை போவம்."